ஊறுகாய் ஜாடிக் கல் ஜேட்தானா? வீட்டுத் தராசும் சென்னையின் ஓர் ஆய்வகமும்

வியாசர்பாடியில் எங்கள் ஆயா இருந்த வீட்டை இடித்துக் கட்டுவதென்று முடிவானபோது, சமையலறை மேடைக்கு அடியில் வரிசையாக நின்ற ஊறுகாய் ஜாடிகளோடு ஒரு கல்லும் வெளியே வந்தது. பெரிய எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். மேலெல்லாம் பழுப்பேறிய தோல், ஒரு மூலையில் மட்டும் சில்லு பெயர்ந்து சாம்பல் கலந்த பச்சை தெரிந்தது. நார்த்தங்காய் உப்பில் ஊறும்போது அதன் மேல் தட்டை வைத்து அழுத்துவதற்கு ஆயா இந்தக் கல்லைத்தான் பயன்படுத்துவார் என்பது அம்மாவுக்கு நினைவிருந்தது. 1964-இல் பர்மாவில் கடைகளை அரசுடைமையாக்கிய பிறகு ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. நகையையும் பணத்தையும் துறைமுகத்தில் சோதித்துப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஆயா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கல்லை யாரும் பொருட்படுத்தவில்லை போலும். "பர்மாக் கல்" என்ற பெயர் மட்டும் வீட்டில் நிலைத்திருந்தது. அன்றைக்கு உதவிக்கு வந்த பெரியம்மா மகன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ஜேட், கோடிக்குப் போகும்" என்று சொன்னதிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் வேறு பேச்சில்லை. ஜேட் என்றால் நகைக்கும் கிண்ணத்துக்கும் செதுக்கும் கல்.

அதற்குப் பிறகு இரண்டு மாதங்களில் நான் போன இடங்களையும், வாங்கிய கருவிகளையும், கடைசியாகக் கல்லை ஒப்படைத்த ஆய்வகத்தையும் பற்றியே இந்த மதிப்புரை. இவற்றில் ஒரு கடையின் மீது எனக்குக் கடுமையான மனக்குறை உண்டு, ஆய்வகத்தின் மீதும் சிறு குறைகள் உண்டு. ஆகவே எந்த இடத்தின் பெயரையும் எழுதவில்லை. நல்ல இடத்தை அடையாளம் காண்பதற்குப் பெயரைவிட, அங்கே என்னென்ன செய்கிறார்கள் என்பதே உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் போனது சௌகார்பேட்டையில் தெரிந்தவர் சொன்ன ஒரு நகைக்கடைக்கு. அங்கிருந்தவர் கல்லை வாங்கியதும், என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், மேசை இழுப்பறையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துச் சில்லு பெயர்ந்த இடத்தில் அழுத்தி இழுத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. "பார்த்தீர்களா, கீறல் விழுகிறது, ஜேடாக இருந்தால் விழாது, இது மீன் தொட்டியில் போடுகிற கல்" என்று சொல்லித் திருப்பித் தந்தார். அந்தக் கோட்டை வீட்டுக்கு வந்து ஈர விரலால் தேய்த்தபோது பாதி போய்விட்டது. மீதி எலுமிச்சைச் சாற்றில் போயிற்று. கல்லில் விழுந்தது கீறல் அல்ல, கத்தியின் இரும்புதான் கல்லின் மேல் ஒட்டியிருந்தது. மென்மையான பொருள் கடினமான பொருளின் மேல் இப்படித்தான் கோடு போடும். கரும்பலகையில் சாக்பீஸ் எழுதுவதும் அதே கணக்குதான். கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் சாதாரணக் கத்தியின் இரும்பு ஏறக்குறைய 5.5, ஜேட் வகைகள் 6 முதல் 7 வரை. ஆகவே அவருடைய சோதனை கல்லுக்குச் சாதகமாகவே முடிந்திருந்தது, அவருக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. அடுத்தவர் பொருளில் கேட்காமல் கத்தி வைத்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தியாகராய நகரில் ராசிக்கல் விற்கும் ஒரு கடையில் அதையே மரகதத்தின் தாய்க்கல் என்றார்கள். புதன் திசை நடப்பவர் வீட்டில் வைத்தால் நல்லது என்ற உபரித் தகவலும் கிடைத்தது. அதற்கு மேல் அங்கே எழுதத்தக்கதாக எதுவும் இல்லை.

இவர்களைக் குறை சொல்வதிலும் ஓர் அளவு இருக்கிறது. நம் ஊர் நகைத்தொழில் நவரத்தினத்தைச் சுற்றி வளர்ந்தது. அந்த ஒன்பதில் ஜேட் இல்லை. தமிழில் அதற்கென்று புழக்கத்தில் நிலைத்த பெயரும் கிடையாது. பச்சைக்கல் என்றால் மரகதத்திலிருந்து பச்சைக் கண்ணாடி வரை எல்லாமே அதில் அடங்கிவிடும். வடக்கே முகலாயர்கள் ஜேடைக் கொண்டாடினார்கள். ஷாஜகானுக்காக 1657-இல் செய்யப்பட்ட வெள்ளை ஜேட் மதுக்கிண்ணம் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஜேட் பொருள்களுக்கென்றே தனிக்கூடம் உண்டு. ஆனால் அந்தக் கல்லும் பெரும்பாலும் மத்திய ஆசியாவின் கோத்தான் பக்கத்திலிருந்து வந்ததுதான். நம்மவர் கைக்கும் கண்ணுக்கும் அது பழகவே இல்லை.

பிறகுதான் பக்கத்துத் தெருவில் இருக்கும், கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவரிடம் போனேன். அவர் கல்லைக் கையில் வாங்கி இரண்டு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, "கனமாக இருக்கிறதே" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் விஷயம் இருந்தது. ஜேட் என்பது ஒரே கல் அல்ல, இரண்டு வேறு கனிமங்களுக்கு வழங்கும் ஒரே வணிகப்பெயர் என்பதை அவர்தான் விளக்கினார். ஒன்று நெஃப்ரைட்: கால்சியமும் மெக்னீசியமும் இரும்பும் கலந்த, நார் நாராகப் பின்னிக்கிடக்கும் கல். மற்றது ஜேடைட்: சோடியமும் அலுமினியமும் கலந்த சிலிகேட், மணி மணியாகக் கோத்துக்கொண்டிருக்கும் கல். இரண்டும் வேறு வேறு என்பதை அலெக்ஸி தமூர் என்ற பிரெஞ்சு வேதியியலர் 1863-இல்தான் தெளிவாக்கினார். அதுவரை உலகம் முழுவதும் இரண்டையும் ஒன்றாகவே எண்ணியிருந்தது. கோத்தான் கல் நெஃப்ரைட், பர்மாவின் கச்சின் மாநிலத்தில் பாகாந்த் சுரங்கங்களிலும் ஊரு ஆற்றுப் படுகையிலும் கிடைக்கும் கல் ஜேடைட்.

இந்த இரண்டையும், இவற்றைப்போல் நடிக்கும் பிற பச்சைக் கற்களையும் பிரிப்பதற்கு நிறம் உதவாது. உதவுவது ஒப்படர்த்தி, அதாவது அதே பருமனுள்ள தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்ற எண். நெஃப்ரைட் ஏறக்குறைய 2.95, ஜேடைட் ஏறக்குறைய 3.33. இணையக் கடைகளில் "இந்தியன் ஜேட்" என்று மாலையாகக் கோத்து விற்கும் அவென்சுரின் உண்மையில் குவார்ட்ஸ், அது 2.65 பக்கம் நிற்கும். "நியூ ஜேட்" என்று விற்கும் செர்பென்டைன் 2.6 பக்கம். "மலேசியா ஜேட்" என்பது சாயமேற்றிய குவார்ட்ஸ். விற்பவர் எந்தப் பெயர் வைத்தாலும் தண்ணீருக்கு அது தெரியாது.

ஆகவே நான் இரண்டு பொருள்களை இணையத்தில் வாங்கினேன். முதலாவது, 500 கிராம் வரை 0.01 கிராம் துல்லியத்தில் காட்டும் சிறு மின்னணுத் தராசு. 600 ரூபாய்க்குச் சற்று மேல். இந்தக் கதையில் நான் செலவழித்ததிலேயே மிகப் பயனுள்ள பணம் அதுதான். இரண்டாவது, 60 மடங்கு பெரிதாக்கும் என்று விளம்பரம் செய்த கைலென்ஸ். அது 60 மடங்கும் இல்லை, ஓரமெல்லாம் வானவில் வேறு. ரத்தினக்கல் பார்ப்பவர்கள் எல்லோரும் பயன்படுத்துவது 10 மடங்கு லென்ஸ்தான். அதற்கு மேல் எண் போட்டுச் சல்லிசாக விற்பதைத் தொடவே கூடாது என்பதை 350 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

தராசு சோதனையைச் செய்த விதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதை யார் வேண்டுமானாலும் சமையலறையில் செய்யலாம். முதலில் கல்லை உலர்ந்த நிலையில் நிறுத்தேன்: 212.6 கிராம். பிறகு பாதி தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். கல்லைத் தையல் நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படியும் அடியையோ பக்கத்தையோ தொடாதபடியும் தொங்கவிட்டால், தராசு காட்டும் எண்தான் கல் இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. முதல் முறை 65.2 என்று காட்டியது, வகுத்தால் 3.26. ஐயா தம்ளரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, பழுப்புத் தோலின் குழிகளில் கடுகு கடுகாக ஒட்டியிருந்த காற்றுக் குமிழிகளைக் காட்டினார். கல்லைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு மறுபடியும் இறக்கியபோது 64.0 என்று நின்றது. 212.6-ஐ 64-ஆல் வகுத்தால் 3.32. சென்னைத் தண்ணீரின் சூட்டால் கடைசி இலக்கம் சிறிது மாறலாம்; ஆனால் செர்பென்டைனும் குவார்ட்ஸும் நெஃப்ரைட்டும் அந்த ஒரே வகுத்தலில் வரிசையாக வெளியேறிவிட்டன.

நண்பர்கள் சொன்ன மற்ற சோதனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கன்னத்தில் வைத்தால் ஜேட் குளிரும் என்பார்கள்; எந்தக் கல்லும் கண்ணாடியும் குளிரத்தான் செய்யும், சித்திரை வெயிலில் வியாசர்பாடியில் எதுவும் குளிராது. தலைமுடியைச் சுற்றித் தீக்குச்சி காட்டினால் முடி கருகாது என்பதும் அப்படியே. தட்டினால் மணிபோல் ஒலிக்கும் என்பதைக் கல் முழுமையாகவும் விரிசல் இல்லாமலும் இருந்தால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம், ஆனால் தட்டிப் பார்த்து உடைத்தவர் கதைதான் அதிகம். ஜேட் உடையாது என்ற நம்பிக்கையில்கூட ஒரு குழப்பம் இருக்கிறது. கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. கீறலில் குவார்ட்ஸைவிடச் சற்றே இளைத்த நெஃப்ரைட், அடியைத் தாங்குவதில் எல்லாக் கற்களையும் முந்திவிடும், ஏனென்றால் அதன் நார்கள் கம்பளிபோல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நியூசிலாந்தின் மாவோரிகள் அதிலிருந்து கோடரியும் உளியும் செய்தது இதனால்தான்.

3.32 என்ற எண் கிடைத்ததும் எனக்கு ஆய்வகம் தேவையில்லை என்றே தோன்றியது. ஐயா ஒப்புக்கொள்ளவில்லை. வெசுவியனைட் என்ற பச்சைக் கல்லும் ஏறக்குறைய அதே கனம்தான், ஜேட்போலவே மெருகும் ஏறும். "டிரான்ஸ்வால் ஜேட்" என்ற பெயரில் உலவும் ஒருவகைக் கார்னெட்டும் அதிகத் தொலைவில் இல்லை. இவற்றை ஒளிவிலகல் எண்தான், அதாவது கல்லுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்ற எண்தான் பிரிக்கும்: ஜேடைட் 1.66, மற்ற இரண்டும் 1.70-க்கு மேல். அதை அளக்கக் கருவி வேண்டும். கருவியில் வைக்க மெருகேறிய ஒரு முகமாவது வேண்டும்.

நான் போன ஆய்வகம் நகரின் மையத்தில், மாடியில் இரண்டு அறைகளில் இயங்குகிறது. கீழே நகைக்கடையோ ராசிக்கல் கடையோ இல்லை என்பதே அதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம். கல்லை விற்பவரே கல்லைச் சோதிக்கும் இடத்தில் எனக்கு வேலையில்லை. வரவேற்பில் இருந்த பெண்மணி கல்லைப் பார்த்ததும் பெயர் எதுவும் சொல்லவில்லை. "தோலோடு இருக்கிறது சார், ஒரு ஓரத்தில் மெருகு போட்டுக் கொண்டுவந்தால்தான் முழு அறிக்கை தர முடியும், போடாமலும் பார்க்கலாம், ஆனால் அறிக்கையில் பாதிதான் இருக்கும்" என்று தெளிவாகச் சொன்னார். பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு பிறகு இதைச் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

அம்மாவின் சம்மதத்தோடு, கல்லுக்குப் பட்டை தீட்டும் ஒருவரிடம் 350 ரூபாய் கொடுத்துக் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு முகம் தேய்க்கச் சொன்னேன். பர்மாவில் ஜேட் வியாபாரிகள் பாறையின் தோலில் இப்படிச் சிறு சன்னல் வெட்டி, உள்ளே நிறம் எப்படி என்று பார்த்து விலை பேசுவது வழக்கம். எங்கள் சன்னலுக்குள் தெரிந்தது மழைக்காலச் சுவரில் படியும் பாசியைப் போன்ற மங்கிய பச்சை. நடுவே வெள்ளைத் திட்டுகள். ஓரத்தில் மட்டும் ஒரே ஒரு நரம்பு, வாழைக்குருத்தின் நிறத்தில். சைக்கிள் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் அந்த நரம்பின் வழியாக மட்டும் வெளிச்சம் கொஞ்சம் கசிந்தது.

கட்டணம் ஜி.எஸ்.டி. சேர்த்து 1,416 ரூபாய். மூன்று வேலை நாள்கள் என்றார்கள், ஆறு ஆயிற்று. தொலைபேசியில் கேட்டால்தான் தாமதம் என்று தெரிந்தது, அவர்களாக அழைத்துச் சொல்லவில்லை. இரண்டாவது குறை, ரசீதில் முதலில் "பச்சைக் கல், 1" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எடையும் புகைப்படமும் இல்லாத ரசீதை வாங்கிக்கொண்டு யாரும் எந்த ஆய்வகத்திலிருந்தும் வெளியே வரக் கூடாது. நான் வற்புறுத்திய பிறகு எனக்கு எதிரிலேயே நிறுத்து 211.9 கிராம் என்று எழுதிப் படமும் எடுத்துக்கொண்டார்கள். கேட்காமலே செய்திருக்க வேண்டிய வேலை. மெருகுக்குப் போன 0.7 கிராம் போக எடை சரியாக இருந்தது. மூன்றாவது, அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. அம்மாவுக்கு நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் சோதனையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அறிக்கை தந்த நாளில், சோதித்த இளைஞரே உள்ளே அழைத்து, ஒளிவிலகல் எண்ணை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் நான் பார்க்கும்படி கல்லை மறுபடியும் வைத்தார். ஒரு துளி திரவத்தின் மேல் மெருகிட்ட முகத்தைக் கவிழ்த்து, கண்ணைக் கருவியிலிருந்து நன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும்; அளவுகோலின் நடுவே தெரியும் சிறு வட்டம் மேலும் கீழும் நகரும்போது வெளிச்சமாகவும் இருட்டாகவும் மாறுகிறது, பாதி இருட்டாக நிற்கும் இடத்தில் எண்ணைப் படிக்க வேண்டும். 1.66-இல் நின்றது. ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில் ஊதா நிறப் பகுதியில் ஜேடைட்டுக்கே உரிய 437 நானோமீட்டர் கோடு தெரிகிறது என்று காட்டினார். எனக்கு அது தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. நுண்ணோக்கியில் மட்டும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது: பொங்கலில் அரிசி ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதுபோல் மணிகள், இடையில் சாயம் தேங்கியதற்கான அடையாளம் எதுவும் இல்லை. கடையில் வாங்கிய வளையலாக இருந்தால், அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றியிருக்கிறார்களா என்பதற்கு அகச்சிவப்புச் சோதனையும் வேண்டும், கட்டணமும் கூடும் என்றார். அப்படி ஏற்றிய கல்லை வணிகத்தில் பி வகை என்பார்கள், சாயம் ஏற்றியதை சி வகை. ஜேட் நகை வாங்குபவர்கள் அறிக்கையில் முதலில் தேட வேண்டிய வரி இதுதான். ஊறுகாய் ஜாடிக் கல்லுக்கு யாரும் பிசின் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

அறிக்கையில் எழுதியிருந்தது: இயற்கையான ஜேடைட், ஒப்படர்த்தி 3.33, ஒளிவிலகல் எண் 1.66. எங்கள் தராசுக்கும் அவர்கள் தராசுக்கும் வித்தியாசம் 0.01. பர்மாக் கல் என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். இந்தச் சோதனைகளால் ஊரைச் சொல்ல முடியாது, குவாத்தமாலாவிலும் ஜேடைட் உண்டு என்று மறுத்துவிட்டார். விலையையும் சொல்லவில்லை, மதிப்பிடுவது தங்கள் வேலையில்லை என்பது அவர்களுடைய கொள்கை. இரண்டு மறுப்புகளையும் நான் பாராட்டாகவே எழுதுகிறேன்.

விலையை ஐயாவிடம்தான் கேட்டேன். ஜேடைட்டில் விலையை நிர்ணயிப்பது பெயர் அல்ல. குரோமியம் தரும் தெளிந்த பச்சை, ஒளி ஊடுருவும் தன்மை, மணிகளின் நுண்மை, விரிசல் இல்லாமை ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால்தான் கோடிப் பேச்சு. எங்களுடையதில் பச்சை ஒரே நரம்பு, ஒளி அந்த நரம்பில் மட்டும், மணிகள் பருமன், விரிசல் இரண்டு. மெருகிட்டு விற்றால் மெருகுக் கூலி திரும்பி வந்தால் அதிர்ஷ்டம் என்றார். பெரியம்மா மகன் இந்தப் பதிலை இன்னும் ஏற்கவில்லை. அறிக்கையில் ஜேடைட் என்று இருக்கும் பக்கத்தை மட்டும் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறான்.

இப்படியொரு கல்லைக் கண்டெடுத்தவர்கள் ஆய்வகத்துக்குப் போவதா வேண்டாமா என்பதற்கு, எனக்கு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறிக்கை வாங்கப் போன அதே நாளில், அண்ணன் மகள் ஹாசன் பக்கத்தில் சுற்றுலா போனபோது பொறுக்கி வந்த, இதைவிடப் பளிச்சென்ற பச்சைக் கல் ஒன்றையும் கொண்டு போயிருந்தேன். வீட்டில் நிறுத்தபோது 88.4 கிராம், தண்ணீரில் 33.2, அதாவது 2.66. அந்த எண்களைச் சொன்னதும், வரவேற்பில் இருந்த பெண்மணி கல்லை வெயில் பக்கம் திருப்பி, உள்ளே மினுங்கிய பச்சை அப்பிரகத் துகள்களைக் காட்டினார். "குவார்ட்ஸ்தான் சார், பச்சை அப்பிரகம் கலந்தது. இதற்கு எங்களிடம் 1,416 ரூபாய் கட்டாதீர்கள்" என்று சொல்லிப் பையிலேயே போட்டுத் தந்தார். பிறகு எங்கள் கல்லை என் எதிரில் மறுபடியும் தராசில் வைத்து, 211.9 என்று காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினார்.